இங்கிலாந்தின் முற்போக்குப் பள்ளிகள் ஏன் கட்டணப் பள்ளிகளாகவே தோன்றின?

நூலகவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்களுக்காகக் கல்வி வரலாறு குறித்து ஒரு கட்டுரைத் தொடர் எழுதி வருகிறேன். அடுத்த கட்டுரை இங்கிலாந்தின் முற்போக்குத் தனியார் பள்ளிகளைப் பற்றியது. 1889இல் தொடங்கிய அபட்ஸ்ஹோம், 1893இல் தொடங்கிய பெடேல்ஸ், பின்னர் வந்த சம்மர்ஹில், டார்ட்டிங்டன் என்று பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவதில் எனக்குச் சிரமம் இல்லை. வரிசைப்படுத்திய பிறகு, இவை ஏன் அந்தக் காலத்தில், அந்த நாட்டில், அந்த வடிவில் தோன்றின என்று எழுத முற்படும்போதுதான் கை நின்றுவிடுகிறது.

என்னை உறுத்துவது இதுதான். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மனப்பாடம் மட்டும் கல்வியாகாது, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்க வேண்டும், பள்ளி விதிகளை வகுப்பதில் மாணவர்களுக்கும் குரல் வேண்டும் ஆகிய கருத்துகள் எல்லாம் சமத்துவத்தை நாடுபவை. ஆனால் அவை வேர்பிடித்த இடங்களோ, பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்கள் நினைத்தும் பார்க்க முடியாத கட்டணம் வாங்கிய விடுதிப் பள்ளிகள். ஓர் உழைப்பாளியின் பிள்ளைக்கு இந்தச் சுதந்திரத்தால் என்ன கிடைத்தது என்று என் மாணவர் ஒருவர் கேட்டால், நேர்மையான விடை சொல்ல விரும்புகிறேன்.

இன்னொரு சிக்கல் சொல் தொடர்பானது. இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்பது கட்டணம் வாங்கும் பள்ளி என்று அறிவேன். ஆனால் அதைப் 'பொதுப்பள்ளி' என்று மொழிபெயர்த்தால், வாசகர் அரசுப் பள்ளி என்றே எடுத்துக்கொள்கிறார். இதை எப்படிக் கையாள்வது? இத்துறையில் வாசிப்பு உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.


பழைய ஆசிரியை எழுதியது:

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தங்கள் முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. ஈட்டன், ஹாரோ, ரக்பி, வின்செஸ்டர் போன்ற பள்ளிகள், குறிப்பிட்ட ஊரார் என்றில்லாமல், கட்டணம் செலுத்தக்கூடிய எவர் வீட்டுப் பையனும் சேரலாம் என்ற பொருளில் 'பப்ளிக்' எனப்பட்டன. 1861இல் அமைக்கப்பட்ட கிளாரண்டன் ஆணையம் இத்தகைய ஒன்பது பள்ளிகளை ஆராய்ந்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் ஏழு பள்ளிகளைப் பற்றியது. அதனால் 'பப்ளிக் ஸ்கூல்' என்று ஒலிபெயர்த்து, முதல் முறை வருமிடத்தில் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இப்போது முரணுக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏழைப் பிள்ளைகளுக்கான தொடக்கப் பள்ளிகள் எந்த நிலையில் இருந்தன என்று பார்க்க வேண்டும். 1862இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதித்தொகுப்பின்படி, அரசு மானியத்தின் பெரும்பகுதி ஆய்வாளர் நேரில் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதித்துத் தரும் முடிவைப் பொறுத்தே கிடைத்தது. ஒரு பிள்ளை தவறினால் பள்ளியின் வருவாய் குறையும். அது ஆசிரியரின் ஊதியத்தையும் பாதிக்கும். அந்த முறை 1890களில்தான் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்குட்பட்டிருந்த ஓர் ஆசிரியர், பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று இலைகளை உற்றுநோக்கச் செய்திருந்தால், அதற்கான விலையைத் தன் சம்பளத்திலிருந்தே கொடுத்திருப்பார். அரசு உதவிபெறும் இடைநிலைக் கல்வியோ 1902ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் ஓர் ஒழுங்கான வடிவம் பெற்றது. ஆக, பதினான்கு வயதுப் பையனை வேறுவிதமாகப் படிக்க வைத்துப் பார்க்க விரும்பிய ஒருவருக்கு, 1889இல் தனியார் பள்ளியைத் தவிர வேறு இடமே இருக்கவில்லை. அத்தகைய பள்ளியைத் தொடங்க எவரிடமும் உரிமம் கேட்க வேண்டியதும் இல்லை. தனியார் பள்ளிகள் அனைத்தும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பகுதி, 1957இல்தான் நடைமுறைக்கு வந்தது.

எடின்பரோவிலும் ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் வேதியியல் படித்த செசில் ரெட்டி, இந்தச் சூழலில்தான் அபட்ஸ்ஹோமைத் தொடங்கினார். சமத்துவச் சிந்தனையாளரான எட்வர்ட் கார்பெண்டர் தொடக்கத் திட்டமிடலில் அவருக்குத் துணைநின்றார். காலையில் பாடம், பிற்பகலில் வயல்வேலை, தச்சு, நீச்சல், மாலையில் இசையும் கவிதையும் என்று நாள் வகுக்கப்பட்டது. இலத்தீனும் கிரேக்கமும் பின்னுக்குச் சென்று, தாய்மொழியும் பிரெஞ்சும் ஜெர்மனும் அறிவியலும் முன்னுக்கு வந்தன. உடல், பாலியல் குறித்து மாணவர்களிடம் மறைக்காமல் பேசியதும் அக்காலத்துக்குப் பெரிய துணிவு. ஆனால் ரெட்டியின் ஆட்சி முறை மக்களாட்சி சார்ந்ததன்று. நாட்டை வழிநடத்தும் வகுப்பைத் திருத்தி அமைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். இதைத் தங்கள் கட்டுரை தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'முற்போக்கு' என்ற ஒரே சொல்லால் இந்தப் பள்ளிகள் அனைத்தையும் சுட்டுவதால், அவை எல்லாம் ஒரே அரசியலைக் கொண்டிருந்தன என்ற தோற்றம் உண்டாகிறது.

அபட்ஸ்ஹோமில் ஆசிரியராக இருந்த ஜான் ஹேடன் பேட்லி, 1893இல் சசெக்ஸின் லிண்ட்ஃபீல்டு அருகே பெடேல்ஸைத் தொடங்கினார். பெண்கள் வாக்குரிமையில் உறுதியான பற்றுக் கொண்ட ஏமி கேரட்டை அவர் மணந்ததற்கும், 1898இல் பெண்பிள்ளைகள் அந்தப் பள்ளியில் சேர்க்கப்பட்டதற்கும் தொடர்பு உண்டு. செல்வந்தர்களின் விடுதிப் பள்ளிகளில் இருபாலரும் சேர்ந்து படிப்பது அப்போது மிக அரிது. 1900இல் பள்ளி ஹாம்ஷயரின் ஸ்டீப் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. முதல் உலகப் போரில் உயிரிழந்த பழைய மாணவர்களின் நினைவாக எர்னஸ்ட் கிம்சன் வடிவமைத்த ஓக் மர நூலகம் இன்றும் அங்கே இருக்கிறது. கையால் செய்யும் வேலைக்கு அந்தப் பள்ளி கொடுத்த மதிப்பை, எந்த அறிக்கையையும் விட அந்த உத்தரங்களே நன்றாகச் சொல்கின்றன. பேட்லி 1935 வரை தலைமை ஆசிரியராக இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கை வழிநடத்தியதால்தான், ஒரு சோதனையாகத் தொடங்கியது ஒரு நிறுவனமாக நிலைத்தது என்று நினைக்கிறேன்.

கட்டுரை 1889இல் தொடங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மிங்காமில் தாமஸ் ரைட் ஹில்லும் அவருடைய புதல்வர்களும் நடத்திய பள்ளி, 1819இல் ஹேசல்வுட் என்ற பெயருடன் புதிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே மாணவர்களே தேர்ந்தெடுத்த குழு விதிகளை வகுத்தது, மாணவர் நடுவர் மன்றம் குற்றங்களை விசாரித்தது, பிரம்புக்கு இடமில்லை. அந்தப் புதல்வர்களுள் ஒருவரான ரோலண்ட் ஹில்தான் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறையைக் கொண்டுவந்தவர். பிள்ளைகளின் தன்னாட்சி என்பது இருபதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு என்று எழுதுவோர் இந்தப் பள்ளியை மறந்துவிடுகிறார்கள்.


பேரேடு எழுதியது:

அம்மா எழுதியதை ஏற்றுக்கொண்டு, பணத்தின் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். இந்தப் பள்ளிகளின் கொள்கைகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை எவர் பணம் தாங்கியது என்பது அதே அளவுக்கு எழுதப்படவில்லை.

கட்டணம் மட்டும் போதுமானதாக இருந்த பள்ளிகள் குறைவு. டெவனில் பாழடைந்து கிடந்த டார்ட்டிங்டன் பண்ணையை 1925இல் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், டோரதி இணையர் வாங்கினார்கள்; மறு ஆண்டு பள்ளி தொடங்கியது. டோரதி அமெரிக்காவின் விட்னி குடும்பப் பெருஞ்செல்வத்துக்கு வாரிசு. லெனார்ட் அதற்கு முன் தாகூருடன் ஸ்ரீநிகேதனில் கிராம மறுசீரமைப்புப் பணியில் இருந்தவர். பண்ணை, நெசவு, மரவேலை, கலை ஆகியவற்றோடு பள்ளியும் ஒரே வாழ்க்கையாக இருக்க வேண்டும் என்ற கனவுக்கு அந்த அனுபவமும் காரணம். 1931இல் தலைமை ஆசிரியராக வந்த டபிள்யூ. பி. கரி, முன்பு பெடேல்ஸில் பணியாற்றி, பின் பிலடெல்பியாவில் ஒரு புதுமைப் பள்ளியை நடத்தியவர். 1957 வரை நீடித்த அவருடைய காலத்தில் பிரம்பும் சீருடையும் கட்டாய வழிபாடும் இல்லாத பள்ளியாக டார்ட்டிங்டன் பெயர்பெற்றது. இவை அனைத்தின் கீழும் அறக்கட்டளையின் பணம் இருந்தது. 1987இல் பள்ளி மூடப்பட்டபோது, அதே ஆண்டில் அங்கிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் சிலர் அருகிலுள்ள ஆஷ்பர்ட்டனில் சாண்ட்ஸ் என்ற சிறிய பள்ளியைத் தாங்களே தொடங்கினார்கள். அந்த மரபு பண்ணையை விட்டு வெளியேறி வாழ்ந்தது எனக்கு மிகுந்த ஆறுதல் தரும் செய்தி.

பெரும் புரவலர் இல்லாதவர்களின் கதை வேறு. மெய்யியலாளர் பெர்ட்ராண்ட் ரஸலும் அவர் மனைவி டோரா ரஸலும் 1927இல் சசெக்ஸில் பீக்கன் ஹில் பள்ளியைத் தொடங்கியபோது, செலவை ஈடுகட்ட ரஸல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றவும் பொதுவாசகருக்கான நூல்களை எழுதித் தள்ளவும் வேண்டியிருந்தது. 1932இல் அவர் விலகிய பின்னும் டோரா தனியாகப் பதினொரு ஆண்டுகள் அதைக் காப்பாற்றினார். இந்தப் பள்ளியை ரஸலின் பெயரால் மட்டும் குறிப்பிடுவது டோராவுக்கு இழைக்கும் அநீதி. தங்கள் கட்டுரையில் அது நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் மால்டிங் ஹவுஸ் பள்ளியை 1924இல் தொடங்கிய ஜெஃப்ரி பைக், உலோகச் சந்தை ஊக வணிகத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு அதை நடத்தினார். 1927இல் அந்த வணிகம் சரிந்தது. இரண்டே ஆண்டுகளில் பள்ளியும் மறைந்தது.

தங்கள் மாணவர் கேட்கக்கூடிய கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முயன்ற பள்ளியும் உண்டு. புகையிலை வணிகத்தில் செழித்த வில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த நோயல் வில்ஸ், 1920இல் குளோஸ்டர்ஷயரில் ரெண்ட்கோம் கல்லூரியை நிறுவினார். அந்த மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் படித்த பையன்கள் இலவசமாகச் சேர்க்கப்பட்டார்கள். முதல் தலைமை ஆசிரியரான ஜே. எச். சிம்சன், மாணவர் பேரவைக்கு உண்மையான பொறுப்புகளைக் கொடுத்தார். எனினும் அதுவும் ஒரு செல்வரின் கொடைதான் என்பதை மறுக்க முடியாது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

இருவரும் எழுதியவற்றில் உண்மைப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கேள்வியில் அடங்கியுள்ள ஓர் அனுமானத்தை நீங்கள் இருவரும் அப்படியே விட்டுவிட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். முற்போக்குக் கல்வி தனியார் பள்ளிகளில் மட்டும் தோன்றியது என்பது சரியன்று. விதித்தொகுப்பின் பிடி தளர்ந்தவுடனே அரசு உதவிபெற்ற தொடக்கப் பள்ளிகளிலும் அது தலைகாட்டியது.

சசெக்ஸின் சாம்ப்டிங் என்னும் ஊரில், 1897 முதல் 1910 வரை தலைமை ஆசிரியையாக இருந்த ஹாரியட் ஃபின்லே-ஜான்சன், வரலாற்றையும் இலக்கியத்தையும் பிள்ளைகளே நாடகமாக்கிக் கற்கும்படி செய்தார். அந்தப் பிள்ளைகள் கிராமத் தொழிலாளர்களின் பிள்ளைகள். தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், தாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய முறையையே 1911இல் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதியபோது, அதற்கு மாற்றாகக் காட்டியது இந்தப் பள்ளியைத்தான். லங்காஷயரின் பிரெஸ்டோலி தொடக்கப் பள்ளியில் 1918 முதல் ஈ. எஃப். ஓநீல் பாட அட்டவணையைக் கைவிட்டுப் பிள்ளைகளைச் செய்து கற்க விட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், குண்டுவீச்சில் சிதைந்த கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில் அலெக்ஸ் புளூம் பொறுப்பேற்ற இடைநிலைப் பள்ளியில் அடியும் இல்லை, போட்டிப் பரிசும் இல்லை. மாணவர் குழுவும் ஆசிரியர் குழுவும் சேர்ந்து பள்ளியை நடத்தின. புளூம் 1955இல் இறந்தார். சம்மர்ஹில் பெற்ற புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தப் பள்ளிக்குக் கிட்டவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த மறதிதான் உங்கள் கட்டுரை பேச வேண்டிய பெரிய அநீதி. தனியார் பள்ளிகளுக்குப் பழைய மாணவர் சங்கமும் அறக்கட்டளையும் நூல் எழுதும் நிறுவனரும் உண்டு. அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியர் போனால், அடுத்தவர் வந்து பிரம்பை மறுபடி எடுத்துவிட முடியும்.


நூலகவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி அவர்களே, தாங்கள் சொன்ன மூன்று பள்ளிகளில் ஒன்றைக்கூட நான் குறித்து வைத்திருக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் இந்த மரபு தனியாகவே வளர்ந்தது என்றால், தனியார் பள்ளிகள் பொதுக்கல்விக்கு எதையும் கொடுக்கவில்லை என்று முடிவுசெய்வது சரியாகுமா? அத்துடன், சம்மர்ஹில் பற்றி இதுவரை எவரும் விரிவாக எழுதவில்லை.


பழைய ஆசிரியை எழுதியது:

அப்படி முடிவுசெய்வது மிகையாகிவிடும். பேரேடு அவர்கள் பணச்சரிவோடு விட்டுவிட்ட மால்டிங் ஹவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே ஆண்டுகள் நடந்த, மிகச் சிறிய பள்ளி அது. ஆனால் முதல் மூன்று ஆண்டுகள் அதை நடத்திய சூசன் ஐசக்ஸ், பிள்ளைகள் பேசியதையும் கேட்டதையும் சண்டையிட்டதையும் அன்றாடம் குறித்துவைக்கச் செய்தார். இருவர் சேர்ந்து இழுக்கும் ரம்பம், புன்சன் அடுப்பு, செல்லப் பிராணிகள், தோட்டம் எல்லாம் பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இறந்துபோன விலங்கை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்த இரு நூல்கள் 1930இலும் 1933இலும் வெளிவந்தன. 1933இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தில் குழந்தை வளர்ச்சித் துறையை அமைத்து வழிநடத்தும் பொறுப்பு ஐசக்ஸுக்குக் கிடைத்தது. அங்கே அவரிடம் பயின்றவர்கள் அரசுப் பள்ளிகளுக்கும் பயிற்சிக் கல்லூரிகளுக்கும் சென்றார்கள். பிள்ளையே கல்வியின் மையம் என்று 1967இல் தொடக்கக் கல்வி குறித்த பிளௌடன் குழுவின் அறிக்கை அரசின் சார்பில் சொன்னபோது, அந்தப் பாதையில் ஐசக்ஸின் தடமும் இருந்தது. குழந்தைக் கல்விச் சிந்தனையாளர்களான ஃப்ரோபெல், மாண்டிசோரி வழி வந்தவர்களின் தடமும் ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன கிராம ஆசிரியர்களின் தடமும் இருந்தன. பள்ளிகள் பள்ளிகளை மாற்றின என்று எழுதுவதைவிட, இங்கும் அங்கும் பணியாற்றிய மனிதர்கள் வழியாகக் கருத்து நகர்ந்தது என்று எழுதினால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

சம்மர்ஹில்லும் அப்படி நகர்ந்த கருத்துதான். ஹோமர் லேன் என்ற அமெரிக்கர், 1913 முதல் டார்செட்டில் 'லிட்டில் காமன்வெல்த்' என்ற குடியிருப்பை நடத்தினார். நீதிமன்றங்கள் அனுப்பிய வளரிளம் பருவத்தினர் அங்கே தங்கள் சட்டங்களைத் தாங்களே இயற்றிக்கொண்டார்கள். லேன் மீது எழுந்த குற்றச்சாட்டுகளும் உள்துறை விசாரணையும் 1918இல் அதை முடிவுக்குக் கொண்டுவந்தன. அங்கே பணியாற்ற விரும்பியிருந்தவரும் பின்னாளில் சம்மர்ஹில்லை நிறுவியவருமான ஏ. எஸ். நீல், 1898இல் பெற்றோர் சிலர் சேர்ந்து லண்டனில் நிறுவிய கிங் ஆல்பிரட் பள்ளிக்குப் போனார். மாணவர் தன்னாட்சியை அவர் வற்புறுத்திய அளவுக்கு அந்தப் பள்ளி வர இயலவில்லை, அவர் விலகினார். 1921இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே ஹெல்லராவில் தொடங்கிய தம் பள்ளியைப் பிறகு ஆஸ்திரியாவுக்கும், அங்கிருந்து டார்செட்டின் லைம் ரீஜிஸுக்கும் கொண்டுவந்தார். 'சம்மர்ஹில்' என்பது லைம் ரீஜிஸில் அவர் எடுத்த வீட்டின் பெயர். 1927இல் சஃபோக்கின் லெய்ஸ்டனுக்குப் போனபோது பெயரும் கூடவே போனது. பாடத்துக்கு வருவது கட்டாயமில்லை. பள்ளிக் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் நீலுக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். தொடக்க ஆண்டுகளில் அங்கே வந்தவர்களில் பலர் மற்றப் பள்ளிகள் வேண்டாம் என்று தள்ளிய பிள்ளைகள் என்பதை நான் எப்போதும் நினைவில் வைத்துக்கொள்வேன்.

நீல் 1973இல் மறைந்தார். அரசு ஆய்வாளர்கள் 1999இல் பள்ளியைக் கடுமையாகக் குறைகூறினார்கள்; பாடத்துக்கு வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம் என்ற அடிப்படை நடைமுறையே கேள்விக்குள்ளானது. பள்ளி மேல்முறையீடு செய்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் லண்டன் உயர்நீதிமன்றக் கட்டடத்தில் தீர்ப்பாயம் கூடி, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே அரசுத் தரப்பு உடன்பாட்டுக்கு வந்தது. அந்த உடன்பாட்டை ஏற்பதா வேண்டாமா என்று, வந்திருந்த மாணவர்கள் அதே நீதிமன்ற அறையில் தங்கள் பள்ளிக் கூட்டத்தைக் கூட்டி, விவாதித்து, வாக்கெடுத்து ஏற்றுக்கொண்டார்கள். இனிவரும் ஆய்வுகளில் பள்ளியின் கொள்கையையும் பிள்ளைகளின் கருத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டில் அடங்கும்.


பேரேடு எழுதியது:

ஒரே ஒரு சேர்க்கை. தனியார் பள்ளிக் கட்டணங்களின் மீது 2025 ஜனவரி முதல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. பெருஞ்செல்வப் பள்ளிக்கும், பெரிய அறக்கட்டளை எதுவும் இல்லாத சிறிய முற்போக்குப் பள்ளிக்கும் ஒரே விகிதம்தான். வரியின் நியாயத்தைப் பற்றி எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சிறியவற்றால் எவ்வளவு காலம் தாங்க முடியும் என்ற கவலை எனக்கு உண்டு. கட்டுரையை இன்றைய நிலைவரை கொண்டுவருவதானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


நூலகவாசி எழுதியது:

சேர்த்துக்கொள்கிறேன். கட்டுரையின் அமைப்பையும் மாற்றிவிட்டேன். 1889இல் அபட்ஸ்ஹோமிலிருந்து தொடங்குவதாக இருந்ததை விட்டு, ஹேசல்வுட்டின் மாணவர் நடுவர் மன்றத்தைச் சுருக்கமாகச் சொல்லி, உடனே 1862ஆம் ஆண்டு விதித்தொகுப்புக்கு வருகிறேன். பெடேல்ஸுக்கு ஒதுக்கிய அதே அளவு இடத்தைச் சாம்ப்டிங் பள்ளிக்கும் கொடுக்கிறேன். பீக்கன் ஹில் பகுதி டோரா ரஸலின் பெயரில்தான் தொடங்கும்.